5190-ஆம் கவுன்ட்டர்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டபிறகு கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பானவர் ஃபயர்வாலில் ஒரு வரி எழுதுகிறார்: 5190-ஆம் போர்ட் வழியாக இனி எதுவும் வெளியே போகக் கூடாது. நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். திங்கள்கிழமை முதல் பீரியடில் ஒரு பையன் மெசெஞ்சர் செட்டிங்ஸுக்குள் போய் ஒரு பட்டனை அழுத்துகிறான். இரண்டாவது பீரியட் முடிவதற்குள் அந்த வித்தை வரிசை முழுக்கப் பரவிவிடுகிறது. சாப்பாட்டு இடைவேளையில் லேப் பொறுப்பாளர் எட்டிப் பார்க்கிறார். எல்லாத் திரையிலும் அந்த மஞ்சள் நிற ஓடும் மனிதன் இருக்கிறான், அரட்டை நடந்துகொண்டிருக்கிறது.

2000-களின் முதல் பாதியில் அமெரிக்காவின் எந்த உயர்நிலைப் பள்ளியில் இந்தக் காட்சியைக் கொண்டுபோய் வைத்தாலும் பொருந்தும். மஞ்சள் மனிதன் ஏஓஎல் இன்ஸ்டன்ட் மெசெஞ்சரின் சின்னம். சுருக்கமாக ‘எய்ம்’. 1997 மே மாதம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே இஸ்ரேலில் ஐசிக்யூ பிறந்திருந்தது. 1998-இல் யாஹூ, 1999-இல் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மெசெஞ்சர். நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் யாஹூ மெசெஞ்சருக்கு இருந்த இடம் அமெரிக்கப் பிள்ளைகளிடம் எய்முக்கு இருந்தது. வீட்டில் ராத்திரி பத்து மணி வரை பேசியவர்கள் காலையில் பள்ளிக் கணினியில் உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

அடைத்த வழி ஏன் அடைபடவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, போர்ட் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். ‘கதவு’ என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். அது தப்பான படத்தை மனதில் வரைந்துவிடும். கதவென்றால் மூடினால் மூடியதுதானே? தாலுகா ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸுக்கு ஒரே முகவரி. உள்ளே பல கவுன்ட்டர்கள். வருமானச் சான்றிதழுக்கு ஒன்று, பட்டாவுக்கு ஒன்று. சர்வர் என்பது 65,535 கவுன்ட்டர் உள்ள ஆபீஸ். வெப் பக்கம் வேண்டுமா, 80-ஆம் எண். பாஸ்வேர்டு, பணம் போன்றவை போகும் பூட்டிய வெப் பக்கமா, 443. மெயில் அனுப்ப 25. எய்முக்கு 5190, எம்எஸ்என்னுக்கு 1863, யாஹூவுக்கு 5050.

ஆனால் எந்த வேலைக்கு எந்தக் கவுன்ட்டர் என்பது வழக்கம், சட்டம் அல்ல. ஏஓஎல்லின் லாகின் சர்வரில் எந்தக் கவுன்ட்டரில் போய் நின்றாலும் அதே குமாஸ்தா எழுந்து வந்து அதே வேலையைச் செய்து கொடுப்பார். 5190 அடைபட்டிருந்தால் 80-க்குப் போகலாம், 443-க்குப் போகலாம். அந்தப் பையன் அழுத்திய பட்டன், எந்தக் கவுன்ட்டர் திறந்திருக்கிறது என்று தானே தேடிப் பார்த்து அமைத்துக்கொள்ளும் வசதி. மற்ற இருவருக்கும் பட்டன்கூடத் தேவைப்படவில்லை. எம்எஸ்என் 1863 கிடைக்காவிட்டால் வெப் பக்கம் கேட்பதுபோல வேஷம் போட்டுக்கொண்டு 80-இல் போய் நின்றுவிடும். யாஹூ 5050 இல்லையென்றால் 80, 25, 23 என்று வரிசையாகத் தட்டிப் பார்க்கும். 80-ஐயும் 443-ஐயும் பள்ளி அடைக்க முடியாது. அடைத்தால் இணையமே இல்லை.

இதை ஏதோ பிள்ளைகளைக் கெடுக்கச் செய்த சதி என்று நினைக்க வேண்டாம். அலுவலகங்களில் ஃபயர்வால் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. வேலை நேரத்தில் அலுவலகத்திலிருந்து பேச முடியாத மெசெஞ்சரை யார் வைத்துக்கொள்வார்கள்? தடையைத் தாண்டுவது அந்த மென்பொருளின் குறும்பு அல்ல, தொழில். பள்ளியின் ஃபயர்வால் அந்த வழியில் தற்செயலாகக் குறுக்கே நின்றது, அவ்வளவுதான்.

சரி, பள்ளி ஏன் தடுக்க நினைத்தது? கேட்டால் மூன்று காரணம் சொல்வார்கள், மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். பிரித்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் எந்தக் காரணமோ அதற்கேற்ற மருந்து.

முதலாவது பாடத்தில் கவனம். இது உண்மை, விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது, ‘சட்டம் இருக்கிறது’ என்பது. 2000 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவில் குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இணையக் கட்டணத்தில் 20 முதல் 90 சதவீதம் வரை தள்ளுபடி தரும் ‘ஈ-ரேட்’ திட்டம் அங்கே உண்டு. அந்தத் தள்ளுபடி வேண்டுமென்றால் ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டி வைத்தாக வேண்டும் என்றது சட்டம். நூலகங்கள் வழக்குப் போட்டன; 2003-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. கவனியுங்கள், வடிகட்டி கட்டாயம் என்றது படங்களுக்கு. மெயில், அரட்டை அறை, நேரடியாகச் செய்தி அனுப்பும் வழிகள் ஆகியவற்றில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு கொள்கை எழுதி வையுங்கள் என்பதோடு மெசெஞ்சர் விஷயத்தை விட்டுவிட்டது. 2006-இல் அரட்டை அறைகளையும் சமூக வலைத்தளங்களையும் பள்ளியில் தடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு மசோதா கீழவையில் 410-க்கு 15 என்ற வாக்கில் நிறைவேறியது. மேலவையில் அது எழுந்திருக்கவே இல்லை. 2008-இல் வந்த சட்டம் வேறு திசையில் போனது: அரட்டை அறையில் எப்படி நடந்துகொள்வது, இணையத்தில் ஒருவர் வம்புக்கு இழுத்தால் என்ன செய்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றது. ஆக, ‘சட்டப்படி மெசெஞ்சரைத் தடுக்கிறோம்’ என்று நோட்டீஸ் போர்டில் எழுதிய பள்ளிகள் சட்டத்தை முழுக்கப் படிக்கவில்லை.

மூன்றாவது, மெசெஞ்சர் ‘லைனை மெதுவாக்குகிறது’. இது பெரும்பாலும் வெறும் பேச்சு. ஒரு வரி அரட்டை சில நூறு பைட்டுகள். ஒரு சாதாரணப் புகைப்படத்துக்குள் ஆயிரம் வரி அடங்கும். ஆனால் இதற்குப் பக்கத்திலேயே உண்மையான ஒரு கவலை இருந்தது, அது வைரஸ். 2005-இல் புரோப்பியா, கெல்விர் என்ற புழுக்கள் எம்எஸ்என் மெசெஞ்சர் வழியே பரவின. நண்பன் பெயரிலிருந்தே ‘இதைப் பார்’ என்று செய்தி வரும், தொட்டால் தீர்ந்தது. அந்த ஏப்ரலில் ராய்ட்டர்ஸ் நிறுவனம் தன்னுடைய மெசெஞ்சர் சேவையையே கெல்விரால் சிறிது நேரம் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. ராய்ட்டர்ஸுக்கே அந்தக் கதி என்றால், ஒரே ஆள் நாற்பது கணினியைப் பார்த்துக்கொள்ளும் பள்ளி லேபின் கதியை யோசியுங்கள்.

இப்போது லேப் பொறுப்பாளரிடம் திரும்பலாம். கவுன்ட்டரை அடைத்தது பலிக்கவில்லை. அடுத்து என்ன செய்வார்?

பெயரை மறைப்பார். எந்த மென்பொருளும் முதலில் ஒரு பெயரைத்தான் தேடுகிறது. எய்முக்கு அது ‘லாகின் டாட் ஆஸ்கர் டாட் ஏஓஎல் டாட் காம்’. அந்தப் பெயருக்கு எண் முகவரி என்ன என்று டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். டிஎன்எஸ் என்பது இணையத்தின் டெலிபோன் டைரக்டரி. பள்ளி தன் சொந்த டைரக்டரியை வைத்துக்கொண்டு, இந்தப் பெயரைக் கேட்டால் மட்டும் 127.0.0.1 என்று பதில் சொல்லும்படி எழுதிவிடலாம். அந்த எண்ணுக்கு ‘நீயேதான்’ என்று பொருள். மென்பொருள் தன்னையே போய்த் தட்டிவிட்டு, யாரும் இல்லை என்று திரும்பிவிடும். எத்தனை கவுன்ட்டர் மாறினாலும் ஆபீஸே தெரியாதே! கவுன்ட்டரை அடைப்பதைவிட இது பல மடங்கு நல்ல வழி, காசும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: பிள்ளைகள் வெளியில் உள்ள வேறு டைரக்டரியைக் கேட்க முடியாதபடி 53-ஆம் போர்ட்டைப் பள்ளியின் டிஎன்எஸ் சர்வருக்கு மட்டும் திறந்துவைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு ‘டிஎன்எஸ் தடை வேலை செய்யவில்லை’ என்று புலம்பியவர்கள் ஏராளம்.

இதிலும் ஓட்டை உண்டு. எண் முகவரியையே நேராக எழுதிக்கொடுத்தால் டைரக்டரி தேவையில்லை. பக்கவிளைவும் உண்டு. எம்எஸ்என் மெசெஞ்சர் லாகின் செய்தது மைக்ரோசாஃப்டின் ‘பாஸ்போர்ட்’ சேவை வழியாக. அந்தப் பெயரை மறைத்தால் மெசெஞ்சர் நிற்கும். கூடவே ஹாட்மெயிலும் நிற்கும். ஆசிரியர்களே ஹாட்மெயில் வைத்திருந்த காலம் அது. எந்தத் தடை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பதைத் தீர்மானித்தவர்கள் பிள்ளைகள் அல்ல, ஸ்டாஃப் ரூம்.

இதுவரை சொன்னதெல்லாம் ‘கெட்டதைத் தேடி அடை’ என்ற முறை. கெட்டது என்றைக்கும் ஒன்று கூடும். தலைகீழாக ‘எல்லாவற்றையும் அடை, வேண்டியதை மட்டும் திற’ என்று தொடங்குவதுதான் விவரம் தெரிந்தவர்களின் வழி. இதற்குக் கருவி ப்ராக்ஸி சர்வர். தாலுகா ஆபீஸ் உவமையிலேயே சொன்னால், இனி பிள்ளைகள் யாரும் நேராக எந்த ஆபீஸுக்கும் போகக் கூடாது. என்ன வேண்டுமோ சீட்டில் எழுதிப் பியூனிடம் கொடுக்க வேண்டும். வெளியே போக அனுமதி பியூனுக்கு மட்டும். ஸ்க்விட் என்ற இலவச மென்பொருள் 1996 முதல் இந்தப் பியூன் வேலையைப் பார்க்கிறது. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு ஸ்க்விட்டை ஓடவிட்டால் ஒரு சிறிய பள்ளிக்குப் போதும்.

பியூன் சீட்டைப் படிப்பதால் சில ரகசியங்கள் வெளிப்படும். எம்எஸ்என் வெப் பக்கம் கேட்பதுபோல வேஷம் போட்டது என்றேன் அல்லவா? அந்த வேஷத்தில் ஒரு வேடிக்கை. ஒவ்வொரு சீட்டிலும் ‘உள்ளே இருப்பது இன்ன வகைச் சரக்கு’ என்று ஒரு வரி எழுத வேண்டும் என்பது வெப் மரபு. எம்எஸ்என் அந்த இடத்தில் ‘எம்எஸ்என் மெசெஞ்சர்’ என்றே உண்மையை எழுதிவைத்திருந்தது. முக்காடு போட்டுக்கொண்டு சட்டைப்பையில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வந்த மாதிரி. ஸ்க்விட்டில் இரண்டு வரி எழுதினால் ஆள் அகப்பட்டார்.

எய்ம் அவ்வளவு அப்பாவி அல்ல. ப்ராக்ஸியில் ‘கனெக்ட்’ என்று ஒரு கட்டளை உண்டு. பூட்டிய வெப் பக்கங்களுக்காக ஏற்பட்டது: ‘இந்த உறையைப் பிரிக்காதே, அப்படியே கொண்டுபோய் 443-இல் கொடு’. எய்ம் இதைப் பிடித்துக்கொண்டது. 443-ஐத் தவிர வேறெங்கும் கனெக்ட் கூடாது என்பது ஸ்க்விட்டோடு வரும் வழக்கமான விதி. ஏஓஎல் குமாஸ்தாதான் 443-இலும் உட்கார்ந்திருக்கிறாரே! ஆகவே கனெக்ட் எந்தப் பெயருக்குப் போகிறது என்றும் பார்த்து, ‘ஆஸ்கர் டாட் ஏஓஎல் டாட் காம்’ என்று முடியும் வகையறாவை மறுக்க வேண்டியிருந்தது.

இன்னும் ஒரு படி ஆழமாகப் போனவர்கள் கடிதத்தையே பிரித்துப் படித்தார்கள். ஒவ்வொரு மெசெஞ்சருக்கும் பேச்சைத் தொடங்கும் பாணி ஒன்று இருந்தது. எய்மின் ஒவ்வொரு பொட்டலமும் ஒரு நட்சத்திரக் குறியோடு தொடங்கும். யாஹூவினுடையது ‘ஒய்எம்எஸ்ஜி’ என்ற நான்கு எழுத்தோடு. எம்எஸ்என் முதலில் தன் பதிப்பு எண்ணைச் சொல்லும். கவுன்ட்டர் எண் எதுவானால் என்ன, பேச்சின் முதல் எழுத்துகளை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். லினக்ஸில் இதற்கென்றே எல்7-ஃபில்டர் என்ற இலவசக் கருவி வந்தது. நட்சத்திரக் குறியோடு தொடங்குவதெல்லாம் எய்ம் அல்ல என்பதால் அடுத்த சில எழுத்துகளையும் ஒப்பிட வேண்டும். ஓடுகிற ஒவ்வொரு தொடர்பையும் இப்படிப் படித்தால் பழைய கணினி திணறும். அதோடு, உறை பூட்டியிருந்தால் படிப்பதற்கு ஒன்றும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இங்கே கொஞ்சம் விலகி ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும். பள்ளியோடு சம்பந்தமில்லாதது போலத் தோன்றும்.

1999 ஜூலையில் எம்எஸ்என் மெசெஞ்சர் வெளிவந்தபோது அதில் ஒரு தந்திரம் இருந்தது. எய்ம் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால், ஏஓஎல் சர்வரில் எய்ம் போலவே நடித்து உள்ளே போய், எய்ம் நண்பர்களோடு பேசவைக்கும். ஏஓஎல் கொதித்தது. எய்ம் அல்லாத ஆளை அடையாளம் கண்டு தடுத்தது. மைக்ரோசாஃப்ட் நடிப்பைத் திருத்திக்கொண்டு மறுபடி வந்தது. மறுபடி தடை, மறுபடி திருத்தம். யோசித்துப் பாருங்கள்: சர்வர் ஏஓஎல்லுடையது, பேச்சுமொழி ஏஓஎல்லுடையது, சம்பளத்துக்குப் பொறியாளர் பட்டாளம் வேறு. அப்படியும் வேஷக்காரனை வெளியே நிறுத்த முடியவில்லை. கடைசியில் ஏஓஎல் கையில் எடுத்தது ஒரு விசித்திரமான ஆயுதம். உண்மையான எய்ம் மென்பொருளில் ஒரு பிழை இருந்தது. வரவேண்டிய அளவைவிட அதிகமாகத் தகவல் வந்தால் அது தடுமாறி, வந்ததைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு செய்துவிடும். ஏஓஎல் சர்வர் வேண்டுமென்றே அந்தப் பிழையைத் தூண்டியது. உண்மையான எய்ம் தடுமாறி ஒரு குறிப்பிட்ட பதிலை அனுப்பும். நடிக்கிறவனிடம் அந்தப் பிழை இல்லை, பதிலும் வராது. தன் வாடிக்கையாளர்களின் கணினியில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடையாள அட்டையாகப் பயன்படுத்துவது எவ்வளவு பெரிய பொறுப்பின்மை என்பது தனிக் கதை. நவம்பரில் மைக்ரோசாஃப்ட் கைவிட்டது.

பள்ளிக்கு இதில் இருக்கும் செய்தி நேரானது. கம்பியில் போகும் பேச்சை மட்டும் வைத்து ஆளை மடக்கப் பார்த்தால் அவன் பேச்சை மாற்றிக்கொள்வான். ஏஓஎல்லுக்கே அப்படி. கணினிக்குள் என்ன ஓடுகிறது என்ற இடத்தில் கைவைத்தபோதுதான் ஆட்டம் முடிந்தது. லேப் பொறுப்பாளர் ஃபயர்வாலோடு மல்லுக்கட்டிய நேரத்தில் பாதியைக் கணினிகளின் பக்கம் செலவழித்திருந்தால் பிழைத்திருப்பார் என்பது என் எண்ணம்.

கணினிப் பக்கம் என்ன செய்யலாம்? விண்டோஸ் 98 போட்ட லேப் என்றால், உண்மையைச் சொன்னால், பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதில் உட்கார்ந்தவர் எல்லோரும் முதலாளி. அதனால்தான் பல பள்ளிகள் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருளை வாங்கின. பகல் முழுக்க யார் எதை நிறுவினாலும், கணினியை அணைத்துப் போட்டால் காலையில் இருந்த நிலைக்குத் திரும்பிவிடும். குழந்தை மணலில் எழுதியதை அலை அழிப்பதுபோல. தடுக்காது, நிலைக்கவிடாது.

விண்டோஸ் 2000, எக்ஸ்பி வந்தபிறகு நிலைமை மாறியது. மாணவருக்கு அட்மின் உரிமை இல்லாத கணக்கைக் கொடுத்தால் மென்பொருளை முறைப்படி நிறுவ முடியாது. அதோடு, எந்த மென்பொருள் ஓடலாம், எது ஓடக் கூடாது என்று சர்வரிலிருந்தே எல்லாக் கணினிக்கும் கட்டளை போடும் வசதி எக்ஸ்பியில் இருந்தது. இதிலும் சோம்பேறித்தனமாகச் செய்தால் மோசம் போவோம். ‘எய்ம் என்ற பெயருள்ள ஃபைல் ஓடக் கூடாது’ என்று எழுதினால், பையன் அதன் பெயரை ‘கணக்குப்பாடம்’ என்று மாற்றி ஓடவைப்பான். ஃபைலின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற எண்ணை வைத்துத் தடுக்கலாம். அடுத்த பதிப்பு வந்தால் கைரேகை மாறிவிடும். பென் டிரைவில் கொண்டுவந்து, நிறுவாமலேயே ஓட்டக்கூடிய மெசெஞ்சர்களும் வந்துவிட்டன. அதனால் இங்கேயும் தலைகீழ் முறைதான்: விண்டோஸ் ஃபோல்டரிலும் புரோகிராம் ஃபைல்ஸிலும் இருப்பவை ஓடட்டும், வேறெங்கிருந்தும் எதுவும் ஓடக் கூடாது. மாணவர் கணக்கால் அந்த இரண்டு இடத்திலும் எழுத முடியாது. எழுத முடிகிற இடத்திலிருந்து ஓட்ட முடியாது. ஓட்ட முடிகிற இடத்தில் எழுத முடியாது. முதல் வாரம் லேபில் ஏதேதோ பழைய பாடமென்பொருள் ஓடாமல் நிற்கும், ஆசிரியர்கள் வந்து சண்டை போடுவார்கள். பட்டியலைத் திருத்தியபிறகு அடங்கிவிடும். எக்ஸ்பியோடு அழையா விருந்தாளியாக வந்த விண்டோஸ் மெசெஞ்சருக்கு மட்டும் தனியாக ஒரு கட்டளை போட வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்து மூச்சுவிட்டபோது, 2005-இல் மீபோ வந்தது. அது மென்பொருளே அல்ல, ஒரு வெப் பக்கம். எய்ம், யாஹூ, எம்எஸ்என், கூகுள் டாக் நான்கிலும் ஒரே பக்கத்திலிருந்து பேசலாம். நிறுவ ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டு கூகுள் அரட்டையை ஜிமெயில் பக்கத்துக்குள்ளேயே வைத்தது. மீபோவைப் பெயர் சொல்லித் தடுக்கலாம். ஜிமெயிலை எப்படித் தடுப்பது? மெயில் வேண்டும், அரட்டை வேண்டாம் என்ற பள்ளிகளுக்காக, அரட்டைக்கு மட்டும் தனியாக ஒரு பெயர் வைத்திருந்தது கூகுள். அந்த ஒரு பெயரை டைரக்டரியில் மறைத்தால் மெயில் திறக்கும், அரட்டை திறக்காது. எல்லா நிறுவனத்துக்கும் இப்படி யோசிக்கத் தோன்றுவதில்லை.

ஆனாலும் மெசெஞ்சர் ஒரு தனிப் பொருளாக இருந்த காலம் அதோடு முடிந்தது. எங்கெல்லாம் இரண்டு பேர் எழுதி ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியுமோ அங்கெல்லாம் அரட்டை.

இடையில் ஒன்று. எல்லோருக்கும் ஒரே தடை என்று போடும்போது மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் காது கேளாதோரிடையே எய்ம் மிகப் பரவலாக இருந்தது. டெலிபோன் மற்றவர்களுக்குச் செய்ததை அது அவர்களுக்குச் செய்தது. அப்படி ஒரு மாணவி படிக்கும் பள்ளியில் மெசெஞ்சரை அடைப்பது மற்றவர்களுக்கு அரட்டையை நிறுத்துவது, அவளுக்கு அம்மாவிடம் பேசுவதை நிறுத்துவது. ஃபயர்வாலில் விதிவிலக்கு எழுத ஐந்து நிமிடம் போதும். யாராவது போய்க் கேட்க வேண்டும், கேட்டதை யாராவது காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று மேஜைகள். கணினிகளை வகுப்பறைபோல வரிசையாக அடுக்கினால் ஆசிரியர் முன்னால் நின்றுகொண்டு மானிட்டர்களின் முதுகைத்தான் பார்ப்பார். அதே மேஜைகளைச் சுவரோரமாக மூன்று பக்கமும் போட்டு, திரைகள் எல்லாம் நடுவை நோக்கி இருக்கும்படி வைத்தால், நடுவில் நிற்கும் ஆசிரியருக்கு எல்லாத் திரையும் தெரியும். ஒரு சனிக்கிழமை வேலை. கொஞ்சம் நீளமான ஒயர் செலவு. கவனம் சிதறுகிறது என்பதுதான் காரணமென்றால் இதைவிட நல்ல மருந்து நான் அறிந்து இல்லை. வைரஸ்தான் காரணமென்றால் மேஜையை நகர்த்திப் பயனில்லை, கணினியைத்தான் பூட்ட வேண்டும்.

இன்றைக்கு நிலைமை எப்படி? பூட்டிய உறையை நினைவில் வைக்கச் சொன்னேன். இன்று கிட்டத்தட்ட எல்லாமே பூட்டிய உறை, எல்லாமே 443. நட்சத்திரக் குறியெல்லாம் உள்ளே இருக்கிறது. வெளியே நிற்பவருக்குத் தெரிவது எந்தப் பெயருக்குப் போகிறது என்பது மட்டும். அந்தப் பெயரையும் மறைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. டைரக்டரியைக் கேட்கும் கேள்வியையே பூட்டி 443-இல் அனுப்பும் முறை 2018-இல் தரமாக்கப்பட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2020-இல் அமெரிக்காவில் அதை இயல்பாகவே இயக்கிவிட்டது. பள்ளி போன்ற இடங்களுக்கு ஒரு சலுகை உண்டு: குறிப்பிட்ட ஒரு பெயருக்கு ‘அப்படி ஒன்று இல்லை’ என்று பள்ளி டிஎன்எஸ் பதில் சொன்னால், ஃபயர்ஃபாக்ஸ் பழைய முறைக்கே திரும்பிவிடும்.

உறையைப் பிரிக்கவே முடியாதா? முடியும். பள்ளிக்குச் சொந்தமான கணினியில் பள்ளியின் சான்றிதழ் ஒன்றை நிறுவிவிட்டால், ப்ராக்ஸி நடுவில் நின்று உறையைப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டி அனுப்பலாம். மாணவர் வீட்டுக் கணக்கின் பாஸ்வேர்டுகூட அந்த நடு இடத்தைக் கடந்துதான் போகும் என்பதால், இதைச் செய்யும் பள்ளி பெற்றோரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பேன். வங்கிப் பக்கங்கள் போன்றவற்றைப் பிரிக்காமல் விடவும் வேண்டும். மாணவர் சொந்தமாகக் கொண்டுவரும் போனில் இந்தச் சான்றிதழ் இருக்காது; வாட்ஸ்அப் போன்ற செயலிகளின் செய்தியை அப்படிப் பிரிக்கவும் முடியாது. போன் தன் சொந்த டேட்டாவில் ஓடினால் பள்ளியின் நெட்வொர்க்கைத் தொடுவதே இல்லை.

அடைக்கப்போய் வேறொன்று உடையும் பழைய கதையும் தொடர்கிறது. ஐபேட் கொடுத்த பள்ளிகளில் ஐமெசேஜை நிறுத்த நினைத்து, ஆப்பிளின் அறிவிப்புச் சேவை ஓடும் 5223-ஐயும் அதன் மாற்று வழியையும் அடைத்தால் ஐமெசேஜ் நிற்கும். அந்த ஐபேடுகளுக்குப் பள்ளி அனுப்பும் கட்டளைகளும் அதே சேவையில்தான் போகின்றன; அவையும் நிற்கும். ஐமெசேஜை நிறுத்த வேண்டிய இடம், ஐபேடுக்குள்ளேயே போடும் கட்டுப்பாடு. மறுபடியும் கம்பி அல்ல, கணினி.

எய்ம் 2017 டிசம்பர் 15 அன்று மூடப்பட்டது. யாஹூ மெசெஞ்சர் அடுத்த ஜூலையில். ஐசிக்யூ 2024 ஜூன் வரை தாக்குப்பிடித்தது. அவை போனபிறகும் அரட்டை போகவில்லை. இப்போது அமெரிக்க மாணவர்கள் அதை நடத்தும் ஓர் இடம் கூகுள் டாக்ஸ். கட்டுரை எழுதப் பள்ளியே கொடுத்த பக்கம். இருவர் ஒரே பக்கத்தைத் திறந்துவைத்து, ஒருவர் ஒரு நிறத்திலும் மற்றவர் இன்னொரு நிறத்திலும் எழுதிக்கொள்கிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் ஆசிரியருக்குக் கூட்டுக் கட்டுரை மாதிரி இருக்கும். எந்த ஃபயர்வாலும் இதை அடைக்காது, ஏனென்றால் இதுதான் பாடம். பீரியட் முடிகிற மணி அடித்ததும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே அடியில் அழித்துவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தின் மேலே ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் யார் எந்த நிமிடத்தில் எந்த வரியை எழுதினார்கள் என்பது அழித்த வரிகளோடு சேர்த்து அப்படியே இருக்கும்.